பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு

வீட்டிலிருந்து ஒன்லைனில் விற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். நானும் வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு சேலை அனுப்புகிறவள்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பார்சல் கூலியைப் பற்றியவை.

*அக்கா, நான் பனையோலைப் பெட்டிகள் விற்கிறேன். ரொறன்ரோவில் ஒருவர் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று மூன்று கேட்டார். கட்டிய பார்சல் வீட்டுத் தராசில் 900 கிராம்தான். கூரியரில் 7.5 கிலோவுக்குக் காசு கேட்கிறார்கள். சாமானின் விலையைவிடக் கூலி கூட. ஏமாற்றுகிறார்களா?*
*வாசகி, கொட்டாஞ்சேனை*

இல்லை தங்கச்சி, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் காட்போட் பெட்டியின் அளவு தெரிகிறது: 40, 30, 30 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 36,000. வெளிநாட்டுக்கு அனுப்பும் பெரிய கூரியர்கள் அதை 5,000 ஆல் வகுப்பார்கள். வருவது 7.2. அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் 7.5. தராசு காட்டும் எடை, இப்படிக் கணக்கிட்டு வரும் எடை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கூலி. விமானத்தில் பாரம் ஏறி முடிவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும் என்பதுதான் காரணம். 101 பஸ்ஸில் பஞ்சு மூட்டையோடு ஏறுகிறவரிடம் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கேட்பதில்லையா, அதேதான்.

படத்தை இன்னொரு முறை பார்த்தேன். மூன்று ஓலைப் பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைவெளிக்கு ரெஜிபோம் அடைத்திருக்கிறீர்கள். ஓலைப் பெட்டி என்ன கண்ணாடியா உடைவதற்கு? சிறிசை நடுத்தரத்துக்குள் வையுங்கள், அதைப் பெரிசுக்குள் வையுங்கள். நீங்கள் எழுதிய அளவுப்படி பார்த்தால் 32க்கு 26க்கு 20 பெட்டி ஒன்று தாராளமாகப் போதும். அதைப் பெருக்கினால் 16,640, வகுத்தால் 3.3 சொச்சம். கூரியரில் 3.5 கிலோ. பாதிக்கும் குறைவு.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கூரியர் பக்கமே போகமாட்டேன். தபாலகத்தில் சிறு பொதி என்று ஒன்று இருக்கிறது. 2 கிலோ வரை அனுப்பலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, எந்த ஒரு பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள் இருந்தால் எடைக்கு மட்டும்தான் கட்டணம், உள்ளே இருக்கும் காற்றுக்கு இல்லை. உங்கள் பழைய பெட்டி கூட்டினால் 100, வெளியே. புதியது 78, உள்ளே. பொதி எங்கே போகிறது என்று பார்க்கும் வசதியோடு கொடுத்தால், எழுத்தும் எண்ணும் கலந்து எல்கே (LK) என்று முடியும் 13 இடக் குறியீடு ஒன்று கிடைக்கும். அதை வாங்குபவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூரியர் மாதிரி சில நாட்களில் போய்ச் சேராது. அதை ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால், கனடாவில் இருக்கிற நம் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். கூலியைக் கேட்டால்தான் பொறுக்கமாட்டார்கள்.

சரியான அளவில் பெட்டி கிடைக்கவில்லை என்றால், உயரமான பெட்டியின் நான்கு மூலையையும் மேலிருந்து கத்தியால் கீறுங்கள். சாமானின் மட்டம் வந்ததும் நிறுத்தி, அந்த மட்டத்தில் ஸ்கேலை வைத்து லேசாக ஒரு கோடு இழுத்து, உள்ளே மடித்து ஒட்டுங்கள். 40க்கு 30 அடியுள்ள பெட்டியில் உயரம் 10 சென்ரிமீற்றர் குறைந்தால், கூரியர் கணக்கில் 2.4 கிலோ குறைகிறது. ஒரு கத்தி செய்கிற வேலை.

*வணக்கம் அக்கா. தேசிக்காய் ஊறுகாய் 400 கிராம் போத்தல் இரண்டாகச் சேர்த்து மட்டக்களப்பு, வவுனியா எல்லாம் அனுப்புகிறேன். 800 கிராம் சாமானுக்கு 2 கிலோ கூலி போடுகிறார்கள்.*
*வாசகர், தெஹிவளை*

தம்பி, நீங்கள் ஊறுகாயை மட்டும் எடை பார்த்திருக்கிறீர்கள். வெறும் கண்ணாடிப் போத்தலை மூடியோடு தராசில் வைத்துப் பாருங்கள். 250 கிராம் என்று வைத்தாலும் இரண்டுக்கும் அரைக் கிலோ. அதற்கு மேல் பெட்டி, பபிள் ரப், டேப். ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். உள்ளூர்க் கூரியர்கள் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் கொஞ்சம் என்றுதான் வாங்குகிறார்கள். ஒரு கிலோவை 10 கிராம் தாண்டினாலும் அடுத்த கிலோதான்.

இரண்டு வழி இருக்கிறது. சிப் (zip) வைத்து மூடும் தடித்த பிளாஸ்டிக் பைக்கு மாறினால் முழுப் பார்சலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் எண்ணெய் கசியும். ஒரு பையை மற்றப் பைக்குள் போட்டு, ஒரு இரவு தலைகீழாக நிறுத்திவைத்துப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். போத்தலை விட மனமில்லையா? அப்படியென்றால் 2 கிலோவை நிரப்புங்கள். மோர்மிளகாய், வடகம் 100 கிராம் பக்கெட்டுகள் நான்கைச் சேர்த்து ஒரு செட்டாக விலை போடுங்கள். கூலி அதேதான், விற்பனை கூடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஊறுகாய் என்றால் போத்தலில் இருக்கவேண்டும் என்று நினைக்கிற தலைமுறை நான்.

*நான் அளந்தது ஒன்று, பில்லில் வருவது வேறொன்று. குஷன் உறை, மெத்தை விரிப்பு விற்கிறேன். யாரிடம் முறையிடுவது?*
*வாசகி, வத்தளை*

முதலில் டேப் ஒட்டிய பிறகு அளந்தீர்களா என்று பாருங்கள். துணிச் சாமானை அமுக்கி மூடினால் பெட்டியின் வயிறு வெளியே தள்ளும். அவர்கள் அந்த வயிற்றைத்தான் அளப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 2 சென்ரிமீற்றர் தள்ளினாலே கணக்கு மாறிவிடும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வக்கியூம் பை வாங்குங்கள். மெத்தை விரிப்புக்கு அதைவிட நல்லது ஒன்று இல்லை. அனுப்பும் முன் தராசில் பார்சலும், பக்கத்தில் அளவு நாடாவும், முகவரித்தாளும் தெரிய ஒரு படம் எடுத்துவையுங்கள். பில் வந்த அன்றே அந்தப் படத்தோடு எழுதிக் கேளுங்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் யாரும் தேடிப்பார்க்கமாட்டார்கள்.

*ஃப்ரீ டெலிவரி என்று போடலாமா?*
*வாசகர், கிராண்ட்பாஸ்*

சேலை, நகை மாதிரிச் சின்னதாக மடங்கும் சாமானுக்குப் போடலாம், கூலியை விலைக்குள் சேர்த்து. விளக்குமாறுக்கும் பூச்சாடிக்கும் போடாதீர்கள். சாமான் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் விற்பதென்றால் இன்னும் யோசியுங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால், போன கூலியோடு திரும்பி வரும் கூலியையும் உங்கள் தலையில் போடுகிற கூரியர்கள் இருக்கின்றன.

*வெளிநாட்டுப் பார்சலில் பெறுமதியைக் குறைத்து, 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்கிறார் வாடிக்கையாளர்.*
*வாசகி, பம்பலப்பிட்டி*

எழுதாதீர்கள். அந்தச் சுங்கத்தாளில் கையெழுத்து உங்களுடையது. பார்சல் தொலைந்து நட்டஈடு கேட்டால், நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த பெறுமதியைத்தான் உங்களுக்கே எடுத்துக் காட்டுவார்கள்.