வாசகர் கேள்வி - பதில்: 4கே வட்டில் ‘கிளிஃப்ஹேங்கர்’

கேள்வி: சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளிஃப்ஹேங்கர்’ படத்தின் டிவிடி என்னிடம் இருக்கிறது. 2019இல் வந்த 4கே வட்டை வாங்கினால் வித்தியாசம் தெரியுமா, இல்லை, பழைய படத்துக்குப் புது உறை மாட்டியிருக்கிறார்களா?

பதில்: தெரியும், இந்தப் படத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். டிவிடியின் ஒரு சட்டகத்தில் 720க்கு 480 புள்ளிகள். புளூ-ரேயில் 1920க்கு 1080. 4கே வட்டில் 3840க்கு 2160. ஆனால், புள்ளிக் கணக்கைக் காட்டிலும் இங்கே பெரிய விஷயம் பனிதான். வெயில் படும் பனிச்சரிவைக் கூர்ந்து பார்த்தால், அதன் வெண்மைக்குள்ளேயே நீலம் கலந்த நிழல்களும், காற்று அரித்த வரிகளும், காலடித் தடங்களும் இருப்பது தெரியும். டிவிடியும் புளூ-ரேயும் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளையே தருவதாலும், பிரகாசத்துக்கு அவற்றில் தாழ்வான ஓர் உச்சவரம்பு இருப்பதாலும், அந்த நுணுக்கங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளையாகிவிடுகின்றன. 4கே வட்டு 1024 படிகளையும், எச்டிஆர் என்ற, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் முறையில் கூடுதல் பிரகாசத்தையும் தருகிறது. படச்சுருளில் ஏற்கெனவே பதிவாகியிருந்தவை அப்போதுதான் வெளியே வருகின்றன. திரையில் மணிமணியாகத் தெரியும் ‘கிரெயின்’ படச்சுருளின் இயல்பே தவிர வட்டின் குறை அன்று. அதைக் குறைக்கிறேன் என்று தொலைக்காட்சியில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ வசதியை இயக்கினால் பாறையின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வருகின்றனவே? திரை முழுவதும் நிறையும் பழைய வீடியோ கேசட்டே மேல் என்று என் தந்தையார் சொல்கிறார்.

பதில்: தந்தையாரிடம் முதல் காட்சியை மட்டும் இரண்டிலும் போட்டுக் காட்டுங்கள். இரு சிகரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பியில் ஒரு பெண் தொங்குகிறாள். இடுப்பு வாரின் கொக்கி பிய்கிறது. நாயகன் அவள் கையைப் பற்றுகிறான், கையுறை நழுவுகிறது. இரு பக்கமும் எவ்வளவு தூரம் வெறும் காற்று என்பது தெரிந்தால்தான் அந்தக் காட்சிக்கு அச்சமே உண்டு. படம் ஏறத்தாழ 2.39க்கு 1 என்ற அகலத்தில் எடுக்கப்பட்டது. அதைப் பழைய சதுரத் திரை முழுவதும் நிரப்ப வேண்டுமென்றால் சட்டகத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வெட்டியாக வேண்டும். போவது மலைதான். (அந்த இடுப்பு வாரைப் படத்துக்காகவே மாற்றியமைத்ததாக இறுதி எழுத்துகளில் ஓர் அறிவிப்பு வரும்; மலையேறிகள் கவலைப்பட வேண்டியதில்லை.)

கேள்வி: இவ்வளவு தெளிவாகப் பார்த்தால் ஏமாற்று வேலைகளும் வெளிப்பட்டுவிடாதா?

பதில்: சில இடங்களில் வெளிப்படத்தான் செய்கிறது. படப்பிடிப்பு அரங்கில் போட்ட செயற்கைப் பனியும், பின்னணியை ஒட்டவைத்த காட்சிகளும் டிவிடியின் மங்கலில் மறைந்து நின்றன; 4கே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அதே தெளிவு மெய்யானவற்றுக்கும் சாட்சி சொல்கிறது. கதை நடப்பது அமெரிக்காவின் கொலராடோவில் என்றாலும், மலைக்காட்சிகளில் பெரும்பகுதி இத்தாலியின் கோர்டினா தம்பெட்ஸோவை ஒட்டிய டோலமைட் மலைகளில் எடுக்கப்பட்டது. ஸ்டாலோனுக்குப் பதிலாகப் பாறை ஏறியவர்களில் ஒருவர் புகழ்பெற்ற ஜெர்மானிய மலையேறி வுல்ஃப்காங் குல்லிஷ். அவர் 1992இல் கார் விபத்தில் இறந்துபோனதால் படமே அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பிவழி கடக்கும் காட்சியில் தொங்குபவர் சண்டைக் கலைஞர் சைமன் கிரேன்; ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், பத்து லட்சம் டாலர் ஊதியத்துக்கு அதைச் செய்தார். என் கணக்கில் இந்த ஒரு காட்சிக்காகவே வட்டின் விலையைக் கொடுக்கலாம்.

கேள்வி: என்னிடம் உள்ள சாதாரண புளூ-ரே கருவியில் 4கே வட்டு ஓடுமா?

பதில்: ஓடாது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு (ஒரு நாட்டு வட்டை வேறு நாட்டுக் கருவியில் ஓடவிடாத தடை) இல்லை என்பது ஓர் ஆறுதல். எச்டிஆர் இல்லாத தொலைக்காட்சி என்றால், இப்போதைக்குப் புளூ-ரே வட்டே போதும்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து வந்த டிவிடியில் படம் நான்கைந்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. காட்சிகளை வெட்டிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தை அங்குள்ள ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை 25ஆக ஓட்டுவதால், 112 நிமிடப் படம் ஏறத்தாழ 107 நிமிடத்தில் முடியும். குரல்களும் இழையளவு கீச்சென்று கேட்கும். புளூ-ரேயிலும் 4கே வட்டிலும் படம் 24 சட்டக வேகத்திலேயே ஓடும். பிரிட்டனில் மட்டும், 15 வயதுச் சான்றிதழுக்காக வன்முறைக் காட்சிகள் சிலவற்றைத் திரையரங்குப் பதிப்பில் வெட்டினார்கள். ஆகவே அந்நாட்டுப் பழைய பதிப்பை வாங்குவதாக இருந்தால், உறையில் ‘வெட்டப்படாதது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.