கெத்துக்கு எத்தனை மார்க்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டை. கல்லூரி ஹாஸ்டலில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாடிப் பழகியவன். இப்போது நண்பர்கள் நாலு பேரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் உட்கார்ந்து விளையாடுகிறேன். கோட்டை, டிராகன் எல்லாம் ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. நம்ம ஏரியாவையே வைத்து அதே மாதிரி ஒரு ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு) எழுதிக்கொண்டிருக்கிறேன். காசிமேடு துறைமுகம், வியாசர்பாடி ஃபுட்பால், வண்ணாரப்பேட்டை கேரம் கிளப், பழைய பாக்ஸிங் பரம்பரைகள், எல்லாம் உண்டு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 14 ஸ்டாட், அதாவது அந்த ஆள் எதில் எப்படி என்று சொல்கிற எண்கள்: பலம், வேகம், தாக்குப்பிடித்தல், கைத்திறன், கண்பார்வை, புத்தி, அனுபவம், பேச்சு, தைரியம், நேர்மை, கெத்து, மரியாதை, பணம், அதிர்ஷ்டம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி 3 முதல் 18 வரை மார்க். ஷீட் எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. ஆட்டம் ஆரம்பித்தால் பலம், வேகம், பேச்சு மூன்றைத் தவிர எதையும் யாரும் தொடுவதில்லை. தோழி ஒருத்தி மீன் விற்கிற அக்காவாக விளையாடுகிறாள். "எனக்கு உருட்டவே வேலை இல்ல, சண்டை வந்தா ஓரமா நிக்கிறேன்" என்று போன வாரம் போனை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஸ்டாட் எத்தனை இருக்கலாம்? கெத்து, மரியாதை எல்லாம் ஸ்டாட் ஆகுமா? மார்க்கை உருட்டி எடுப்பதா, பிரித்துக் கொடுப்பதா?

அன்புடன்,
கே., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி உங்கள் தோழி சொன்னதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஆளை முழுசாக எண்ணில் பிடித்துவிட வேண்டும் என்று 14 எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசைக்கு 40 எழுதினாலும் பத்தாது. ஆளைப் பற்றிச் சொல்ல பெயர், தொழில், தெரு, யாரிடம் எவ்வளவு கடன் என்று நாலு வரி போதும். ஸ்டாட் வேறு. மேஜையில் எந்தக் கேள்விக்குப் பகடையை எடுக்கிறீர்களோ, அந்தக் கேள்விக்கு மட்டும்தான் ஸ்டாட் வேண்டும். போன சில வாரம் எதற்கெல்லாம் உருட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் அடிக்க, ஓட, மிரட்ட. மூன்று வேலைக்கு மூன்று ஸ்டாட். மிச்சம் 11ம் ஷீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

டி அண்ட் டியின் ஆறு ஸ்டாட்களை வேதம் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அதை வெளியிட்டபோது, அந்த ஆறில் ஒன்றான கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் தன்மை) எதற்கு இருந்தது தெரியுமா? எத்தனை கூலியாட்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்று பார்க்க. பாதாளத்துக்குள் கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஆட்டம் அது, அதனால் அந்த எண்ணுக்கு வேலை இருந்தது. 1981ல் வந்த கால் ஆஃப் கதுலூ என்ற திகில் ஆர்.பி.ஜி.யில் சித்தம் தெளிவாக இருப்பதற்கே ஒரு எண். பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது குறையும். ஷீட்டைப் பார்த்தாலே ஆட்டம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். உங்கள் ஷீட்டைப் பார்த்தால் ஸ்கூல் பிராக்ரஸ் கார்டு மாதிரி இருக்கிறது.

சரி, மீன்கார அக்காவுக்கு வருவோம். விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் விசைப்படகு வந்து நிற்கிறது. கூடை கூடையாக இறக்கி ஏலம் விடுகிறார்கள். அக்கா ஒரு கூடை சங்கராவைப் பார்க்கிறார். மேலே இருப்பது பளபளவென்று இருக்கிறது, அடியில் இருப்பதும் அப்படித்தானா? கையை விட்டு ஒரு மீனை உருவி, செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குள் விலை ஏறிக்கொண்டே போகிறது. இது ஒரு உருட்டு. அடி வரிசை ஐஸில் நாளாகிக் கிடந்தது என்று தெரிந்துவிட்டால், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அதைச் சொல்லி விலையை இறக்கலாம். ஆனால் ஏலம் விடுகிறவர் நாளைக்கும் வேண்டிய ஆள். சொல்வதா, வாயை மூடிக்கொண்டு வேறு கூடைக்குப் போவதா என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். சொன்னால் அது இரண்டாவது உருட்டு. தோற்றால் கூடை அதிக விலைக்குத் தலையில் விழும், மத்தியானத்துக்குள் தெருவில் விற்றாக வேண்டும். ஒரு அடிகூட விழாமல் அரை மணி நேர ஆட்டம். "உருட்டவே வேலை இல்ல" என்று உங்கள் தோழி இதில் சொல்ல முடியாது.

இந்தக் காட்சிக்கு என்னென்ன ஸ்டாட் வேண்டும் என்று பாருங்கள். மீனையும் ஆளையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட ஒன்று, பேசி ஜெயிக்க ஒன்று. நானாக இருந்தால் உடம்பு, கை, நோட்டம், வாய் என்று நாலோடு நிறுத்திக்கொள்வேன். பலமும் வேகமும் தாக்குப்பிடித்தலும் உடம்பில் அடங்கிவிடும். புத்தி, கண்பார்வை, அனுபவம் மூன்றும் நோட்டம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிற ஊரில் வாய்க்கு ஒரு எண் இல்லாமல் முடியாது. அதிர்ஷ்டத்தை அடித்துவிடுங்கள், பகடை உருட்டுவதே அதற்குத்தானே.

3 முதல் 18 என்ற அளவும் வேண்டாம். மூன்று பகடையின் கூட்டல் பாதிக்குக் கொஞ்சம் குறையான தடவை 9க்கும் 12க்கும் நடுவில்தான் விழும். 10 வாங்கியவருக்கும் 11 வாங்கியவருக்கும் மேஜையில் என்ன வித்தியாசம்? டி அண்ட் டியிலேயே 2000ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து 10க்கும் 11க்கும் உருட்டில் கூட்டக் கிடைப்பது ஒரே பூஜ்யம், 12க்கும் 13க்கும் ஒரே +1. அந்த +1ஐ மட்டும் ஷீட்டில் எழுதினால் போச்சு. லூடோ டப்பாவில் இருக்கிற பகடையே இரண்டு எடுங்கள். உருட்டி, ஸ்டாட்டைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜெயம். ஸ்டாட் −1 என்றால் ஜெயிக்க 28 சதவீதம் வாய்ப்பு, 0 என்றால் 42, +1க்கு 58, +2க்கு 72, +3க்கு 83. ஒவ்வொரு புள்ளியும் கையில் கனக்கும். 20 முகப் பகடையில் ஒரு புள்ளிக்கு 5 சதவீதம்தான், அதை ஒரு சாயங்கால ஆட்டத்தில் யாரும் உணரவே மாட்டார்கள்.

கேரமைக் கைத்திறனுக்குள் ஒரு மூலையில் தள்ளியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அது அநியாயம். 2008ல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டை. பலத்தை ராஜாவாக உட்கார வைத்த ஆட்டத்தில் இப்படி ஒரு பாத்திரம் வரவே வராது. (1978ல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டியில் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு உச்சவரம்பே வைத்திருந்தார்கள். அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.)

கேரம் ஆடியவருக்குத் தெரியும், கடைசி போர்டில் கை மட்டும் உதவாது. ரெட்டைப் போட்டாச்சு, அது செல்ல அடுத்த அடியிலேயே ஒரு காயின், அதாவது ஃபாலோ, போட வேண்டும். காயின் பாக்கெட் வாயிலேயே இருக்கிறது, சுற்றி எட்டுப் பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். அங்கே ஆடுவது நிதானம். அதை ஐந்தாவது எண்ணாக வையுங்கள், ஆனால் குறைகிற எண்ணாக. எல்லாருக்கும் 3ல் தொடங்கட்டும். அவமானப்பட்டால் ஒன்று போகும், தூக்கமில்லாமல் கடலுக்குப் போய் வந்தால் ஒன்று போகும். ஃபாலோ மாதிரியான தருணங்களில் கைக்குப் பதில், அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் நிதானத்தைக் கூட்டி உருட்ட வேண்டும். காலையில் தெருவில் வாங்கிய பேச்சு சாயங்காலம் போர்டில் தெரியும்.

கெத்து, மரியாதை இரண்டையும் பாத்திரத்தின் மேல் எழுதாதீர்கள். அது அந்த ஆளிடம் இல்லை, மற்றவர்களிடம் இருக்கிறது. காசிமேட்டில் பத்துப் பேர் எழுந்து நிற்கிற ஆளை பேசின் பிரிட்ஜ் தாண்டினால் டீக்கடையில் கூடக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஷீட்டின் பின்பக்கம் இடத்தை எழுதி, பக்கத்தில் எண்ணைப் போடுங்கள்: துறைமுகம் +2, கேரம் கிளப் 0, போலீஸ் ஸ்டேஷன் −1. அந்த இடத்தில் வாயை உருட்டும்போது இதையும் கூட்டிக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1977ல் வந்த டிராவலர் என்ற ஆர்.பி.ஜி.யில் சமூக அந்தஸ்து ஒரு ஸ்டாட். எண் ஏறினால் பாத்திரம் பிரபுப் பட்டத்தோடு வரும். விண்வெளிப் பேரரசுக் கதைக்கு அது சரி. நம் ஊரில் மரியாதை என்று எழுதி ஒரே எண்ணைப் போட்டால், மேஜையில் யாராவது ஒருத்தர் மனசுக்குள் அதற்குச் சாதி என்று அர்த்தம் வைப்பார். வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார், ஆட்டம் மட்டும் அப்படி நடக்க ஆரம்பிக்கும். சாதியைப் பற்றி ஆட்டம் வேண்டும் என்றால் தாராளமாக எழுதுங்கள், பட்டவர்த்தனமாக எழுதுங்கள். பகடையில் விழுந்த ஒரு மார்க்குக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

நேர்மையும் வேண்டாம். நண்பனைக் காட்டிக்கொடுக்கலாமா என்று ஆடுபவர் திணற வேண்டிய இடத்தில் பகடை பதில் சொல்லிவிடும். 1985ல் வந்த பென்ட்ராகன் என்ற ஆர்தர் ராஜா காலத்து ஆர்.பி.ஜி. குணங்களை எதிரெதிர் ஜோடிகளாக, இரண்டும் சேர்ந்து 20 வருகிற மாதிரி வைத்து இதைத் துணிந்து செய்தது. அங்கே ஆட்டமே ஒரு வீரனின் குணத்தைச் சோதிப்பதுதான், அதனால் பொருந்தியது. தைரியத்துக்கும் இதே பதில். பணத்தை ரூபாயில் கணக்குப் பார்க்காமல், எத்தனை வாரம் வீடு ஓடும் என்று எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் நாலு வாரம் வைத்துக்கொண்டு அதில் நுழைகிற படகுத் தொழிலாளிக்கு நீங்கள் தனியாகக் கதை எழுத வேண்டியதில்லை.

உருட்டுவதா, பிரிப்பதா? பிரித்துக் கொடுங்கள். +2, +1, 0, −1 நாலையும் அவரவர் விருப்பப்படி நாலு ஸ்டாட்டுக்குப் போட்டுக்கொள்ளட்டும். 24 விதமாக வரும், உங்கள் மேஜைக்கு அது தாராளம். மாதக்கணக்கில் கூடவே வாழப் போகிற பாத்திரத்துக்கு ஒரு மோசமான உருட்டைத் தலையில் கட்டுவது கொடுமை.

பாக்ஸிங்கை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. ரவுண்டுக்கு ரவுண்டு உடம்பு குறைகிறதா, நிதானம் குறைகிறதா? என் ஓட்டு நிதானத்துக்கு. அந்தப் பக்கங்களை மட்டும் அனுப்பி வையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.