படித்துக்கொண்டே பிரஷர் வாஷ் தொழில் தொடங்க முடியுமா?

முடியும், சனி ஞாயிறு போதும். பம்ப் அழுத்தித் தள்ளும் தண்ணீரைச் சின்னத் துளை வழியே பீய்ச்சி அழுக்கைப் பெயர்ப்பதுதான் பிரஷர் வாஷ். ஹோஸ் நுனியைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதேதான். வழி குறுகினால் வேகம் கூடும்.

130 பார் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு), 1,800 வாட் மெஷின் தொடக்கத்துக்குப் போதும். 8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் வேண்டும்; மெல்லிய எக்ஸ்டென்ஷன் சூடாகி உருகும். நிமிடத்துக்கு 7 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 420 லிட்டர். வேலை பேசும்போதே தொட்டியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். நடுவில் தண்ணீர் நின்று பம்ப் வெறுமனே ஓடினால், கசிவைத் தடுக்கும் சீல் போய்விடும். குழாயைத் திறந்து, தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடியான கன்னின் (gun) விசையை அழுத்திப் பிடித்து, காற்றெல்லாம் வெளியேறிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

பேவர் பிளாக் தரைக்குப் பச்சை முனை (தண்ணீர் 25 டிகிரி கோணத்தில் விரியும்), ஒரு அடி தள்ளி. சிவப்பு முனை (0 டிகிரி, விரியாது) வேண்டவே வேண்டாம்: இடுக்கு மணலைத் தோண்டிவிடும், பிறகு கல் ஆடும். மூலையில் ஒரு சதுர அடி கழுவிக் காட்டிவிட்டு விலை சொல்லுங்கள்.

அழுத்தம் கூடினால் சுத்தமும் கூடும் என்று பலர் நினைப்பது தவறு. பாசி மேல் சோப்புக் கரைசலைத் தெளித்து, காயவிடாமல் 10 நிமிடம் ஊறவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.