கேட்டது நேரம், எழுதியது முடுக்கம்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எந்தச் சூத்திரத்தைக் கேட்டாலும் சொல்லிவிடுகிறாள். நாலைந்து படி உள்ள கணக்கு என்றால்தான் பாதியில் தடம் மாறுகிறாள். சாய்தளத்தில் கட்டை எத்தனை நொடியில் கீழே வரும் என்று கேட்டால், முடுக்கத்தைக் கண்டுபிடித்து அதற்கே அடிக்கோடு போட்டுவிட்டு வருகிறாள். ஞாபகசக்திக்கு டானிக் ஏதாவது தரலாமா?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: டானிக் வேண்டாம். சூத்திரமெல்லாம் நினைவிருக்கிற பிள்ளைக்கு ஞாபகசக்தியில் என்ன குறை? சிக்கல் வேறு இடத்தில்.

மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறீர்கள். போக வேண்டியது தேனி; அதற்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டும். நடுவில் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கிறீர்கள். பணம் போதவில்லை, ஏடிஎம் தேடி அலைகிறீர்கள். அந்த அலைச்சலுக்குள்ளும் 'தேனி பஸ்' மண்டையில் ஒரு மூலையில் காத்திருக்க வேண்டும். (இப்படித் துணிப்பையோடு பழக்க தோஷத்தில் மாட்டுத்தாவணிக்கே திரும்பிப் போனவன் நான்.)

இடைவேலையைச் செய்துகொண்டே முதல் வேலையைக் காக்கவைப்பது மூளைக்குத் தனிப் பாடு. 1999-இல் வெளிவந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், நெற்றிக்கு நேர் பின்னால் உள்ள முன்மூளையின் நுனி இதற்கென்றே வேலை செய்வது தெரிந்தது. இலக்கைச் சும்மா நினைவில் வைத்திருந்தபோது அது அப்படித் தூண்டப்படவில்லை. இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்தபோதும் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான். உங்கள் மகளுக்கு முடுக்கம் என்பது ஏடிஎம். அது கிடைத்ததும் பயணமே முடிந்ததாக நினைத்துவிடுகிறாள்.

இடமும் குறைவு. ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தக்கூடியவை சுமார் ஏழு உருப்படி என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார்; 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார். போதாததற்கு, முன்மூளை முழுசாக முதிர இருபது வயதையும் தாண்ட வேண்டும்.

அதனால் காக்கவைக்கும் வேலையைத் தாளிடம் கொடுங்கள். பேனாவைத் தொட்டதும் தாளின் தலைப்பில் 'கேட்டது: நேரம்' என்று எழுதட்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு சொல்: உராய்வு என்றால் 'முடுக்கத்துக்காக', முடுக்கம் என்றால் 'நேரத்துக்காக'. அடிக்கோடு போடுமுன் தலைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கறாராகச் செய்தால் கை பழகிவிடும்.

சைன், காஸ் மதிப்புகள் யோசிக்காமல் வருமளவுக்குப் பழகியிருந்தால் அந்த நான்கில் ஓர் இடம் மிச்சம். அப்புறம், அவள் கணக்குப் போடும்போது பின்னால் நின்று "இன்னுமா முடியல?" என்று கேட்காதீர்கள். பதற்றமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும்.

சின்ன வயதிலிருந்தே கடைக்கு அனுப்பினால் பாதியில் மறப்பது, பையை எங்கேயாவது விட்டுவருவது என்று எல்லாவற்றிலும் இப்படித்தான் என்றால் ஓர் உளவியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டலாம். கணக்கில் மட்டும்தான் என்றால் தேவையில்லை.