தாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: நாட்டு நாய்க்குட்டி வாங்குவோருக்கான கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக என் வீட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நாட்டு இன நாய்கள் மாறி மாறி இருந்து வருகின்றன. குட்டி விற்பது என் தொழிலன்று. ஆனால் குட்டி வாங்கப் போகும் உறவினர்களும் நண்பர்களும் என்னைத் துணைக்கு அழைப்பதால், நாய் வளர்த்து விற்பவர்கள் பலருடைய கொட்டகைகளை நேரில் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் முதன்முறையாகச் சிப்பிப்பாறைக் குட்டி வாங்கப் போகிறோம். விற்பவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: குட்டியின் விலையையோ நிறத்தையோ கேட்பதற்கு முன்னால், தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாய் வேறு தோட்டத்தில் இருக்கிறது, சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டோம், பேருந்து நிலையத்துக்கு வந்தால் குட்டியைக் கொண்டுவந்து தருகிறோம் என்றெல்லாம் விடை வந்தால், அந்தக் குட்டி எங்கே பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அங்கிருந்து திரும்பிவிடுவதே நல்லது.

தாயைக் காட்டினால் பொறுமையாகப் பாருங்கள். பால் கொடுக்கும் நாயின் மடி தளர்ந்து இறங்கியிருக்கும். உடம்பும் சற்று இளைத்திருக்கும். சிப்பிப்பாறை ஒட்டிய வயிறும் மெலிந்த உடலும் கொண்ட ஓட்ட நாய் என்பதால், கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் இலேசாகத் தெரிவதைப் பட்டினி என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் குத்திக்கொண்டு நின்றாலோ, மயிர் உதிர்ந்து தோல் வெளுத்திருந்தாலோ, அந்த வீட்டில் தாய்க்குத் தீனி சரியாகக் கிடைக்கவில்லை. தாயின் குணத்தையும் கவனியுங்கள். குட்டிகளிடம் அந்நியர் வரும்போது உறுமுவது தாயின் இயல்பு. சொந்தக்காரர் கை ஓங்காமலே அவரைக் கண்டு ஒடுங்கி மூலையில் பதுங்குவது இயல்பன்று.

அடுத்து, இது எத்தனையாவது ஈத்து, முந்தைய ஈத்து எப்போது என்று கேளுங்கள். நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கென்று மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி, 18 மாதம் நிறையாத பெட்டையையும் 8 வயதைக் கடந்த பெட்டையையும் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈன வைக்கவும் கூடாது. நாய் வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வது அவரை அவமதிப்பதாகாது.

தந்தை நாய் பெரும்பாலும் வேறொருவருடையதாக இருக்கும். அதன் வயது, படம், சொந்தக்காரர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தாய்க்கும் அதற்கும் இரத்த உறவு உண்டா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். நாட்டு இனங்களில் தரமான நாய்கள் ஒரு சில ஊர்களுக்குள்ளேயே இருப்பதால், அண்ணன் தங்கையையே சேர்த்துவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

கேள்வி: இராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை அதிகம் என்கிறார்களே, உண்மையா? வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உண்மைதான். இந்தக் கேள்வியை நான் மிகவும் அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன். காரணம், என் இரண்டாவது நாய் பிறவிச் செவிடு. நாற்பது நாள் குட்டியாக அதை வாங்கி வந்தோம். தீபாவளியன்று தெருவெல்லாம் வெடித்துக்கொண்டிருக்க, அது திண்ணையில் கால் நீட்டி உறங்கியது. எவ்வளவு தைரியமான நாய் என்று வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டோம். சில நாள் கழித்து என் மனைவி அதன் பின்னால் நின்று தட்டையும் கரண்டியையும் தட்டிப் பார்த்தார்; காது மடல்கூட அசையவில்லை. ஆனால் அம்மிக்குழவி தரையில் உருண்டபோது மட்டும் அதிர்வை உணர்ந்து தலை தூக்கியது. விற்றவரிடம் போய்க் கேட்டபோது, அந்த ஈத்தில் இன்னும் இரண்டு குட்டிகள் அப்படித்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் முன்பே சொல்லியிருந்தாலும் நாங்கள் அதை வளர்த்திருப்போம். ஆனால் தெருவில் ஒருநாளும் அவிழ்த்து விட்டிருக்க மாட்டோம். வண்டி வரும் ஓசை கேளாமல் அது ஒருமுறை அடிபட்டுப் பின்னங்கால் ஒடிந்தது. பிறகு கையசைவிலேயே பழக்கி, பதினோரு ஆண்டுகள் வைத்திருந்தோம்.

காரணம் நிறத்தோடு தொடர்புடையது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தால்தான் அங்குள்ள கேட்கும் செல்கள் உயிரோடு இருக்கும். முழு வெள்ளையான இனங்களில் அந்த நிறச் செல்கள் உட்காதுக்குச் சென்று சேராமல் போவதுண்டு. அப்போது பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில், பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு என்பது அறிந்த செய்தி. நம் ஊரிலோ இராஜபாளையம் என்றால் ஒரு புள்ளிகூட இல்லாத பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று வாங்குபவர்களே அடம் பிடிக்கிறோம். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனத்துக்கு நாம் செய்யும் நன்மை இதுவன்று.

நேரில் சோதிக்கும் முறை எளிது. குட்டிக்கு ஐந்து, ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும். வாங்க நினைக்கும் குட்டியை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்துவிடுங்கள். கூட்டத்தில் இருந்தால் கேளாத குட்டியும் உடன்பிறந்தவை ஓடுவதைப் பார்த்துக் கூடவே ஓடிவரும். பால் குடித்து உறங்கும் வேளையில், அதன் கண்ணில் படாதபடி பின்னால் சில அடி தள்ளி நின்று, சாவிக் கொத்தை ஆட்டுங்கள் அல்லது காகிதத்தைக் கசக்குங்கள். கை தட்டவோ தரையை மிதிக்கவோ வேண்டாம். காற்றும் அதிர்வும் ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். ஓசை வந்த திசை தெரியாமல் அது வேறு பக்கம் திரும்பித் தேடுவதை வைத்துத்தான் ஐயப்பட முடியும். காதிலிருந்து மூளைக்குச் செல்லும் மின்குறிப்பை அளக்கும் சோதனைதான் அதை உறுதிப்படுத்தும். அந்த வசதி மிகச் சில இடங்களில்தான் உண்டு.

ஆகவே விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த ஈத்தில் மொத்தம் எத்தனை குட்டிகள் பிறந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன, மற்றவை என்ன ஆயின, கேளாத குட்டி ஏதாவது உண்டா, அவற்றை யாரிடம் கொடுத்தீர்கள்? எங்கள் வளர்ப்பில் ஒன்றுகூடச் செவிடு வந்ததில்லை என்று அடித்துச் சொல்பவரைவிட, போன ஈத்தில் ஒன்று அப்படிப் பிறந்தது, அதனால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவில்லை என்று சொல்பவரை நான் நம்புவேன்.

கேள்வி: முப்பத்தைந்து நாளிலேயே எடுத்துப் போங்கள், அப்போதுதான் உங்களோடு ஒட்டும் என்கிறார் விற்பவர். சரிதானா அண்ணா?

பதில்: சரியன்று. 8 வாரம் நிறைவதற்கு முன் குட்டியை விற்பதற்கு விதியிலும் இடமில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. அழுத்திக் கடித்த குட்டியைத் தாய் உறுமி அடக்குவதை ஒருமுறை பார்த்தவர்கள், அதை நம்மால் கற்றுக்கொடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வார்கள். முன்பணம் கொடுத்து, அடையாளம் வைத்துவிட்டு, நாள் வந்ததும் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடுப்பூசியெல்லாம் போட்டாகிவிட்டது என்கிறார்கள். அதை எப்படி நம்புவது?

பதில்: வாய்ச்சொல் போதாது. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு ஒட்டி, தேதியிட்டு, கால்நடை மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட கையேட்டைக் கேளுங்கள். கடையில் மருந்து வாங்கித் தாங்களே ஊசி போட்டுவிடுபவர்கள் உண்டு; குளிர்பதத்தில் வைக்கப்படாத மருந்து பயன் தராது. எப்படியிருந்தாலும் எட்டு வாரக் குட்டிக்கு ஊசியெல்லாம் முடிந்திருக்க வழியே இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டியிருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பொதுவாக மூன்றாவது மாதத்தில் போடப்படுகிறது. குடற்புழு மருந்து எந்தெந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வயிறு மட்டும் பானைபோல உப்பி, உடம்பு மெலிந்த குட்டிக்குப் பெரும்பாலும் புழுத் தொல்லை இருக்கும்.

கேள்வி: கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் சுத்த இனம் என்று நம்பலாமா? கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றா, வேறா?

பதில்: சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ், குட்டியின் பெற்றோர் யார் என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. குட்டி நலமாக இருக்கிறது என்று அது உறுதி சொல்வதில்லை. சான்றிதழில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண், குட்டியின் தோலுக்கடியில் இருக்கும் சிப்பின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மருத்துவரிடம் உள்ள கருவியால் படித்துப் பாருங்கள். நம் கிராமங்களில் நல்ல நாய் வைத்திருக்கும் பலர் இந்தப் பதிவுக்கே போனதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவர்களிடம் தாயையும் தாயின் தாயையும் நேரில் பார்ப்பதே சான்று.

கன்னி என்பது கறுப்பு உடலில் கால், மார்பு, புருவத்தில் செம்பழுப்பு படிந்த நிறக் கட்டு உடையது. மற்ற நிறங்களைச் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பது என் கருத்து. தனித்தனி இனம் என்று உறுதியாகச் சொல்லும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது வேறு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நாட்டு இனங்களின் பெயர்களைச் சொன்ன பிறகு விசாரிப்பவர்கள் கூடினார்கள். கூடவே, உயரம் வேண்டுமென்று கிரேஹவுண்டோடு கலந்து சிப்பிப்பாறை என்று விற்பதும் நடக்கிறது. உங்கள் நாய்களின் வம்சத்தில் வெளிநாட்டு ஓட்ட நாய் கலந்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

கேள்வி: தாய் நல்ல வேட்டை நாய், முயல் பிடிக்கும் என்று காணொளி காட்டுகிறார். அது தரத்துக்கு அடையாளமா?

பதில்: முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: அக்கா வீட்டுக்கு லாப்ரடார் பார்க்கிறோம். அதற்கும் இதே கேள்விகள்தானா?

பதில்: அடிப்படை ஒன்றுதான், கூடுதலாக இடுப்பு மூட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டிலும் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் எலும்பு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வருகிறது. தாய் தந்தை இரண்டுக்கும் இரண்டு வயதுக்கு மேல் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கேளுங்கள். நன்றாக ஓடுகிறது பாருங்கள் என்பது விடையாகாது. இளவயதில் நொண்டாத நாய்க்கும் அந்தக் குறை இருக்கலாம்.

கேள்வி: விற்பவர் எங்களையே கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். வாடகை வீடா, பகலில் யார் இருப்பார்கள், சங்கிலியில் கட்டுவீர்களா என்று. பணம் கொடுப்பவர்களிடம் இப்படிக் கேட்கலாமா?

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த நல்ல வளர்ப்பாளர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஓட்ட நாய்க்குத் தினமும் அவிழ்த்துவிட்டு ஓட வேலி போட்ட இடம் வேண்டும். அது இல்லாத அடுக்குமாடி வீட்டுக்குச் சிப்பிப்பாறை தரமாட்டேன் என்று சொல்பவர், தம் குட்டியை அறிந்தவர். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: எங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? ஆம் என்றால், அதையும் விலையையும் குட்டியின் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எடுத்து வந்த இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பார்வோ கிருமி தொற்றிய குட்டி முதல் சில நாள் நலமாகவே தெரியும். ஆகவே முதல் வாரத்தில் குட்டி சோர்ந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, இரத்தம் கலந்து கழிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விற்றவருக்கும் உடனே சொல்லுங்கள், மற்றக் குட்டிகளைக் காப்பாற்ற அவருக்கு அந்தச் செய்தி வேண்டும்.