ஒழுகும் மெட்ராஸ் டெரஸ்: இடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தாத்தா வாங்கிய வெள்ளைக்காரர் காலத்து வீடு இருக்கிறது. மழை வந்தால் முன்னறைத் தளம் ஒழுகுகிறது. மேலே 3 அங்குலம் காங்கிரீட் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. மரத்தை எடுத்துக்கொண்டு இலவசமாக இடித்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

உங்கள் தளத்தைத் தாங்குவது தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். 15-க்கு 12 அடி அறையில் 3 அங்குலக் காங்கிரீட் என்பது 3 டன் கூடுதல் பாரம். மரமும் சுண்ணாம்பும் வெயில் மழைக்குக் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமென்ட் கொடுக்காது, மயிரிழையாக வெடிக்கும். அதில் இறங்கும் நீர் மேலே ஆவியாக வழியில்லாமல், சுவருக்குள் இருக்கும் சட்ட முனையில் தங்கி உளுக்க வைக்கும்.

ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அடைத்த தண்ணீர்த்தாரை, அரசங்கன்று முளைத்த இடம் மூன்றையும் முதலில் பாருங்கள். கெட்ட பகுதியை மட்டும் கொத்தி எடுத்து, 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12½ கன அடி நீற்றிய சுண்ணாம்பு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மணல் கூடாது. கடுக்காய், வெல்ல நீர் தெளித்து, கட்டை எகிறும்வரை இடிக்க வேண்டும். இது பொதுப்பணித் துறை விவரக்குறிப்பிலேயே உள்ள அளவு. ஆர்.சி.சி. (கம்பி கட்டிய காங்கிரீட்) தளத்துக்கு மேல் இதையே எழுதிக் கொடுக்கும் பொறியாளர்கள், பழைய வீடு என்றதும் இடிப்பதற்கு எஸ்டிமேட் போடுவது வேதனை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு வேலையே இல்லாமல் செய்தது இந்த வழக்கம்தான்.

இடித்தே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு சட்டத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். பாதிக்கு மேற்பட்ட சட்டங்களில் அரை அங்குலத்துக்கு மேல் பஞ்சுபோல் இறங்கினால் முட்டுக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் அவற்றை மாற்றினால் போதும். சட்டம் வளைந்திருப்பது வேறு, உளுத்திருப்பது வேறு. வளைவுக்கு முனைக்கு முனை நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்து அளந்தாலும் அதே அளவு என்றால் அது பழைய வளைவு, பயமில்லை. கூடியிருந்தால்தான் சட்டத்துக்கு வேலை. வளைவைக் காட்டியே இடிக்க வைப்பவர்கள் அதிகம்.

'இலவசமாக' இடிப்பவரிடம் கவனம். 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 12 அடி நீளச் சட்டம் ஒன்று 2 கன அடி. ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் அந்த ஓர் அறையில் மட்டும் 9 சட்டம், 18 கன அடி பழைய தேக்கு. அதன் சந்தை விலையை விசாரித்துப் பாருங்கள், யாருக்கு இலவசம் என்று தெரியும். கதவு, நிலை, தூண் கணக்கு தனி.

இன்னொரு வகைப் புரோக்கர், மன்றோ தங்கிய வீடு என்று விலை ஏற்றுவார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான தாமஸ் மன்றோ, கிருஷ்ணகிரியும் அடங்கிய பாரமகால் பகுதியில் பணியாற்றியது 1792 முதல் 1799 வரை. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். தாழ்வார ஓட்டில் மங்களூர் முத்திரை இருந்தால், அந்தக் கூரையாவது மன்றோ பார்த்ததல்ல. பேச்சை நம்பாமல் மூலப் பத்திரத்தைப் பாருங்கள். தர்மபுரி மாவட்டம் 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் பிரிந்தன. 1965-க்கு முந்தைய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும்.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். ஐப்பசியில் தொடங்கினால் சுண்ணாம்பு இறுக நேரம் கிடைக்காது. இந்த மழைக்குத் தார்ப்பாய் போதும். வெயில் அடிக்கும் நாளில் அதை எடுத்துவிடுங்கள்.