கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மணல், எவ்வளவு உயரம்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “90 × 45 × 45 செ.மீ. கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. பி.எச். இறங்காமல் இருக்கும் என்று சொன்னதால் அடியில் கோரல் சிப்ஸ் (உடைந்த பவளத் துண்டுகள்) 8 செ.மீ. உயரத்துக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு க்ளவுன் மீன்கள், கொஞ்சம் சாஃப்ட் கோரல். என்ன செய்தாலும், கழிவு சிதைந்து சேரும் நைட்ரேட் 40 பி.பி.எம்.மை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் சிப்ஸுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன. மணல் சலிக்கும் கோபி மீன் ஒன்று வாங்க ஆசை. சிப்ஸை எடுத்துவிட்டு மணல் போடலாமா?”

போடலாம். ஒரே நாளில் மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

முதலில் அந்த பி.எச். சமாச்சாரம். கோரல் சிப்ஸும் சரி, அரகோனைட் மணலும் சரி, இரண்டுமே கால்சியம் கார்பனேட். ஒரு சிட்டிகை எடுத்து வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். வினிகர் அவ்வளவு அமிலம், அதனால் கரைகிறது. உங்கள் தொட்டித் தண்ணீரோ 8-ஐ ஒட்டிய பி.எச்.சில், கால்சியம் கார்பனேட் மிகைச்செறிவாகவே இருக்கிறது. அதில் மணல் கரைய வழியில்லை. பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடால் பி.எச். தாழும் அடி அடுக்கில் கொஞ்சம் கரையலாம். பவளங்கள் உறிஞ்சும் வேகத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பி.எச். நிலையாக இருக்க வேண்டுமென்றால் காற்றோட்டத்தையும், பி.எச். சரியாமல் தாங்கும் கார அளவையும் (ஆல்கலினிட்டி) கவனியுங்கள். மணலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டுதான்: அதில் யார் வாழப்போகிறார்கள், தொட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது.

உங்கள் நைட்ரேட்டுக்கு இந்த சிப்ஸ் ஒரு முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நாலைந்து மில்லிமீட்டர் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, மீன் கழிவும் தின்னாத தீனியும் நேராக உள்ளே இறங்கிப்போகும் அளவுக்குப் பெரியது. மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஒரு கைப்பிடி சிப்ஸை எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளைக் கிண்ணத்தில் கலக்கிப் பாருங்கள், தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். பொடி மணலில் இதே கழிவு மேலாகவே தங்கும். அங்கே நீரோட்டம் அள்ளும், நத்தை தின்னும், நாமும் உறிஞ்சி எடுக்கலாம்.

உயரமும் ஒரு சிக்கல். மணல் மட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 3 முதல் 5 செ.மீ. வரை மெல்லியதாகப் போட்டு அவ்வப்போது சுத்தம் செய்வது. இன்னொன்று, மிகப் பொடியான மணலை 10 முதல் 15 செ.மீ. வரை போட்டு, அடியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கை உருவாக்கி, அங்கே பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்படி விடுவது. பெரிய துண்டுகளாக 8 செ.மீ. என்பது இரண்டிலும் சேராது. இந்த அளவுத் தொட்டிக்கு நான் மெல்லிய மணலைத்தான் சொல்வேன். ஆழ்ந்த மணல் வேலை செய்யாது என்பதற்காக இல்லை, அது கெடும்போது நமக்குத் தெரியாமல் கெடும் என்பதற்காக.

அந்த விஷயத்தில் சூடு பட்டவன் நான். வருடக்கணக்கில் தொடாமல் விட்டிருந்த ஆழ்ந்த மணலில் புதைந்த ஒரு கல்லை, இடம் மாற்றலாமே என்று ஒரு நாள் அசைத்துத் தூக்கினேன். அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்தது. கல் இருந்த பள்ளத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கிளம்பிப் பரவியது. மாலைக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் ஒன்று போய்விட்டது. அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. நீங்கள் பார்க்கும் கறுப்பு, பெரும்பாலும் அதே சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து உண்டாகும் நிறம். கிளறாதவரை அது தன்பாட்டுக்குக் கிடக்கும். கண்ணாடி ஓரத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அது வெளிச்சத்தில் வளரும் பாசியோ பாக்டீரியாவோ, பொருட்படுத்த வேண்டாம்.

ஆகவே சிப்ஸைக் கையால் அள்ளாதீர்கள், சைபன் போட்டு எடுங்கள். 20 மி.மீ. அகலக் குழாய் போதும். குழாயின் வாயை சிப்ஸுக்குள் செங்குத்தாக இறக்கினால் அடியிலிருக்கும் அழுக்கு தொட்டியில் பரவாமல் நேராக வாளிக்குப் போகும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது தரையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் காலி செய்யுங்கள். 25 லிட்டர் போவதற்குள் வேலையை நிறுத்திவிடுங்கள். அவ்வளவு உப்புத் தண்ணீரை, அதே உப்பு அளவிலும் சூட்டிலும், முன்கூட்டியே கலக்கி வைத்திருக்க வேண்டும். மறுநாள் மீன்களுக்கு நஞ்சான அம்மோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். தொட்டியில் அடுக்கியிருக்கும் லைவ் ராக் கற்களில் நிறைய பாக்டீரியா இருப்பதால் பொதுவாகத் தொட்டி தாங்கிக்கொள்ளும். இருந்தாலும் அம்மோனியா தெரிந்தால் அடுத்த பங்கைத் தள்ளிப்போடுங்கள். கரி பை ஒன்று ஃபில்டரில் ஓடட்டும். கற்களுக்கு அடியில் இருக்கும் சிப்ஸைத் தோண்ட வேண்டாம், கல் சரியும்.

புது மணலுக்கு என் தேர்வு 1 முதல் 2 மி.மீ. அரகோனைட். இதைவிடப் பொடியானது பார்க்க அழகு. ஆனால் வேவ் மேக்கர் (அலை எழுப்பும் பம்பு) ஓடும் தொட்டியில் ஒரு மூலையில் குவிந்து இன்னொரு மூலையில் கண்ணாடி பல்லிளிக்கும். கோபி, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பும் மீன். அதற்கும் இந்த அளவு சரியாக வரும், சிப்ஸ் வராது. குவார்ட்ஸ் மணல் விஷம் என்பார்கள், அது அப்படி ஒன்றும் கரைந்துவிடாது. கடற்கரையிலிருந்து அள்ளி வருவதைத்தான் வேண்டாம் என்பேன். அதில் எண்ணெய் இருக்கிறதா, என்ன உலோகம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு வாங்குவது? 90 × 45 × 4 என்று பெருக்கினால் 16 லிட்டர் சொச்சம். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ, ஆக 24 கிலோ. கல் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 20 கிலோ போதும். உலர் மணலை அரை வாளியாக எடுத்துக் கையால் துழாவித் துழாவிக் கழுவுங்கள், அரிசி களைவது மாதிரி. பால் போன்ற கலங்கல் மோர் போல ஆனால் சரி, பளிங்காக வேண்டுமென்று நாளெல்லாம் கழுவ வேண்டாம். கடைசி முறை ஆர்.ஓ. தண்ணீர். பாக்டீரியாவோடு ஈரமாக அடைத்து வரும் லைவ் சாண்டைக் கழுவக் கூடாது. தொட்டிக்குள் போடும்போது பம்புகளை நிறுத்திவிட்டு, பி.வி.சி. குழாய் ஒன்றைத் தரைவரை இறக்கி, அதன் வழியாக மெதுவாகக் கொட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

அதற்குப் பிறகு பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் மணலில் நான்கில் ஒரு பகுதி. குழாயை மணலுக்குச் சற்று மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் போகும். மணல் ஏறத் தொடங்கினால் குழாயை விரலால் நசுக்குங்கள், மணல் திரும்ப விழுந்துவிடும். நாசேரியஸ் நத்தை நாலைந்து விடுங்கள். மணலுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். தீனி போட்டதும் தும்பிக்கை மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு எழும்பி வரும். மணல் சலிக்கும் நட்சத்திர மீனை மட்டும் வாங்காதீர்கள், இந்த அளவுத் தொட்டியில் அது மெல்லப் பட்டினியால் சாகும்.

புது மணலில் சில வாரங்களுக்குப் பழுப்புப் பொடி படியும். அது டயட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும். சிவப்புப் போர்வை போலப் படர்ந்தால் சயனோபாக்டீரியா: உறிஞ்சி எடுங்கள், நீரோட்டத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள், தீனியைக் குறையுங்கள். பழுப்புச் சளியாக இழுபட்டு நுனியில் காற்றுக்குமிழ் நின்றால் சங்கதி வேறு. அது டைனோ (டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர்), பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில் வருவது, அங்கே மேலும் மேலும் சுத்தம் செய்தால் கெடும். மணல் கட்டி தட்டினால் கார அளவை ஏற்றும் மருந்தை ஒரேயடியாக ஊற்றுகிறீர்களா, மக்னீசியம் 1250 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோபிக்கு அவசரம் வேண்டாம். மணல் முழுவதும் போட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும், மணலுக்குள் சிறு பூச்சிகள் ஊறட்டும். வாங்கும் முன் கற்களை விரலால் ஆட்டிப் பாருங்கள்: தொட்டித் தரையிலோ சிப்ஸிலோ கெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டும், புது மணல் மேல் நிற்கக் கூடாது. இந்த மீன் கல்லுக்கு அடியில்தான் முதலில் குழி பறிக்கும். மணலில் கிடைப்பது அதற்குப் போதாது, தினமும் உறைந்த மைசிஸ் இறால் கொடுங்கள். தொட்டிக்கு மூடியோ வலையோ கட்டாயம், இரவில் குதிக்கும்.